அப்பத்துக்குள் மறைந்த அன்னையின் திருநாள்



ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள சுவீடன் நாட்டில், மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாளன்று வீடுதோறும் ஒருவகை அப்பம் சுடுகின்றனர். மாவும் பாலும் வெண்ணெயும் கலந்து, இரு தகடுகளாக மடங்கும் இரும்பு அச்சில் ஊற்றி, இதய வடிவில் வார்த்தெடுக்கும் அந்த அப்பத்துக்கு வாபிள் என்று பெயர். அதன்மேல் பழப்பாகும் பாலேடும் இட்டு உண்பார்கள். நாளடைவில் அந்நாளுக்கே 'வாபிள் நாள்' என்பது பெயராகி நிலைத்துவிட்டது. அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்காவில் குடியேறிய சுவீடியரின் வழித்தோன்றல்களும் தங்கள் சங்கக் கட்டடங்களில் கூடி இதே அப்பத்தைச் சுட்டு உண்கின்றனர். பாட்டனாரின் மொழியில் பத்துச் சொற்கள்கூட அறியாத இளைஞரும் அந்த இரும்பு அச்சைப் பிடிக்கும் முறையை நன்கு அறிந்திருக்கிறார்கள்.

மார்ச்சு 25 எந்த நாள் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கபிரியேல் தூதர் நாசரேத்தூர்க் கன்னிக்கு மங்களம் சொன்ன நாள் அது. கிறிஸ்து பிறப்புக்குச் சரியாக ஒன்பது திங்கள் முந்தியது. சுவீடியர் அதனை 'வோர்ஃப்ரூடாகென்', அதாவது 'நம் பெருமாட்டியின் நாள்' என்று வழங்கி வந்தனர். வேகமாகப் பேசும் வாய்களில் அச்சொல் சிறிது சிறிதாகத் தேய்ந்து 'வோஃபெல்டாகென்', அதாவது 'வாபிள் நாள்' என்று திரிந்தது. பெருமாட்டி இருந்த இடத்தில் அப்பம் வந்து அமர்ந்துகொண்டது. அந்தப் பருவத்தில்தான் கோழிகள் முட்டையிடத் தொடங்கும்; மாடுகளின் மடியில் பால் ஊறத் தொடங்கும். எனவே அப்பம் சுடுவதற்குக் காலமும் பொருந்தி வந்தது. இது யாரும் திட்டமிட்டுச் செய்த திரிபன்று. எவரும் அன்னையை விரட்டவில்லை. நாக்குத்தான் சற்று வழுக்கியது.

ஆயினும் நாக்கு வழுக்குவதற்கு முன்பே வேறு சில நடந்திருந்தன. குஸ்தாவ் வாசா மன்னர் 1527-இல் வெஸ்தரோஸ் நகரில் கூட்டிய பேரவையோடு, சுவீடன் திருச்சபை உரோமையைவிட்டு விலகத் தொடங்கியது. 1593-இல் உப்சாலாவில் கூடிய சங்கம் லுத்தரின் கொள்கையை நாட்டின் சமயமாக உறுதி செய்தது. 1595-இல் புனித பிரிஜித்தம்மாள் தோற்றுவித்த வாட்ஸ்தேனா கன்னியர் மடம் மூடப்பட்டது. கத்தோலிக்க மறையைத் தழுவுவது பல தலைமுறைகளுக்கு நாடு கடத்தப்படும் குற்றமாக இருந்தது. 1858-ஆம் ஆண்டிலும், அக்குற்றத்துக்காக ஆறு பெண்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டனர். முழுச் சமய உரிமை 1951-இல்தான் வந்தது. இவற்றைப் பழைய பகையைக் கிளறுவதற்காக நாம் எழுதவில்லை. பிரிந்த சகோதரர்மேல் மனத்தாங்கல் கொள்ளும் காலம் கடந்துவிட்டது. இத்தனைக்கும் நடுவே மங்களவார்த்தைத் திருநாள் அந்நாட்டில் மறையவே இல்லை என்பதைச் சுட்டவே எழுதுகிறோம். 1772-இல் அரசாணை ஒன்று ஏராளமான திருநாள்களை ஒரே வீச்சில் நீக்கியபோதும் இந்நாள் தப்பியது. 1953-இல் அதனை அருகிலுள்ள ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டனர். கோவில் ஒரு ஞாயிற்றுக்குப் போயிற்று. அடுப்போ 25-ஆம் நாளைவிட்டு நகரவில்லை.

1850-க்கும் 1930-க்கும் இடையே பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சுவீடியர் வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினர். 1867 முதல் 1869 வரை நீடித்த பஞ்சம் அவர்களுள் பலரை விரட்டியது. மினசோட்டா, இல்லினாய், கான்சாஸ் என்று பரந்த புல்வெளிகளில் அவர்கள் குடியேறினர். வந்த இடத்தில் நோயுற்றாலும் இறந்தாலும் கேட்பாரில்லை. ஆகவே ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளச் சங்கங்கள் அமைத்தனர். 1896-இல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் தோன்றிய 'அமெரிக்க வாசா சங்கம்' அத்தகையதே. தொடக்கத்தில் அது மருத்துவ உதவிக்கும் அடக்கச் செலவுக்கும் ஏற்பட்ட அமைப்பு. அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் அப்பொறுப்பை ஏற்றபின், சங்கத்திடம் எஞ்சியது பாட்டும் கூத்தும் பலகாரமும்தான். உரோமையோடு உறவை முறித்த மன்னரின் குடிப்பெயரைத் தாங்கிய சங்கத்தார், கன்னிமரியின் திருநாளை அறியாமலே காத்து வருவதைக் காணும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது. ஒருவித நன்றியும் பிறக்கிறது.

இச்சங்கத்தாரின் வசந்தகாலக் கொண்டாட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஒவ்வொன்றும் இந்த வாபிள் கதையையே சொல்கிறது.

சாம்பல் புதனுக்கு முந்திய செவ்வாயன்று 'செம்லா' என்ற பணியாரம். மிருதுவான ரொட்டியைக் குடைந்து, வாதுமை விழுதும் பாலேடும் நிரப்புவார்கள். தவக்காலத்தின் ஒருசந்திக்கு முன்னால் வயிறார உண்பதற்காகத் தோன்றியது அது. ஒருசந்தி போயிற்று, பணியாரம் நின்றது. அதனைச் சூடான பாலில் மிதக்கவிட்டு உண்ணும் வழக்கமும் உண்டு. 1771-இல் அந்தச் செவ்வாயன்றுதான் அடால்ஃப் ஃபிரெட்ரிக் மன்னர் பெருவிருந்தின் முடிவில் அதை உண்டு அன்றிரவே உயிர்நீத்தார். பாவம், நோன்புக்கு முந்திய உணவே அவருக்கு இறுதி உணவாயிற்று.

பின்னர், பூர்ச்ச மரத்தின் மெல்லிய கிளைகளைக் கட்டி நீர்ச்சாடியில் வைத்து, நுனிகளில் வண்ண இறகுகளைச் செருகுகிறார்கள். வெப்பமான அறையில் அக்கிளைகள் துளிர்விடும்போது பாஸ்குத் திருநாள் வந்துவிடும். காண்பதற்கு மிக அழகானது. ஆனால் முன்னாளில் பெரிய வெள்ளியன்று, ஆண்டவர் கற்றூணில் கட்டுண்டு பட்ட அடிகளை நினைவூட்ட, வீட்டாரை இதே கிளைகளால் அடிக்கும் வழக்கம் இருந்தது. சாட்டை பூச்செண்டாகிவிட்டது. இந்த மாற்றத்தை நாம் குறைசொல்ல மாட்டோம்.

குழந்தைகளின் பாஸ்கு வேடத்தைப் பற்றித்தான் நம் மனம் அவ்வளவு எளிதாக அமைதி அடைவதில்லை. பெரிய வியாழனன்று, சில ஊர்களில் பாஸ்குவுக்கு முந்திய சனியன்று, சுவீடியச் சிறுமியர் கிழவிகளைப்போல் முக்காடிட்டு, கன்னங்களில் சிவப்புச் சாயமும் புள்ளிகளும் தீட்டி, கையில் செப்புக் கெண்டியுடன் வீடு வீடாகச் செல்கிறார்கள். தாங்கள் வரைந்த வாழ்த்துப் படத்தைக் கொடுத்துவிட்டு இனிப்பைப் பெற்றுக்கொள்கிறார்கள். அவர்கள் போடுவது சூனியக்காரி வேடம். பெரிய வியாழன் இரவில் சூனியக்காரிகள் துடைப்பத்தின்மேல் ஏறிப் பறந்து சாத்தானின் விருந்துக்குப் போவார்கள் என்பது பழைய நம்பிக்கை. சங்க மண்டபங்களிலும் சிறு பிள்ளைகளுக்கு இவ்வேடம் இடப்படுகிறது. பெற்றோர் நிழற்படம் எடுத்து மகிழ்கின்றனர்.

ஆனால் அந்த நம்பிக்கை வெறும் கதையாக இருந்துவிடவில்லை. 1668 முதல் 1676 வரை சுவீடனில் சூனிய வழக்குகள் என்ற பெயரால் ஏறத்தாழ முந்நூறு பேர் கொல்லப்பட்டனர். 1675-இல் தோர்சோக்கெர் வட்டாரத்தில் மட்டும் 71 பேர், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள், தலை வெட்டப்பட்டுத் தீயிலிடப்பட்டனர். அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்கள் யார்? குழந்தைகள். தங்களைச் சாத்தானின் விருந்துக்குத் தூக்கிச் சென்றதாகப் பெரியவர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தலையசைத்த குழந்தைகள். 1676-இல் தலைநகரில் அக்குழந்தைகள் தாம் சொன்னவை பொய் என்று ஒப்புக்கொண்டபிறகே கொலைகள் நின்றன. இவ்வகையில் எந்தச் சபையும் தன் கைகள் தூயவை என்று சொல்லிக்கொள்ள இயலாது. கத்தோலிக்க நாடுகளிலும் இத்தகைய தீ எரிந்தது. இன்று சிரித்துக்கொண்டு இனிப்பு வாங்க வரும் குழந்தையின் முக்காட்டுக்குள் எழுபத்தொரு பேரின் முகம் இருக்கிறது. வேடத்தைத் தடுக்க வேண்டுமென்பது நம் கருத்தன்று. பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது ஆகும்போதாவது தோர்சோக்கெரின் கதையைச் சொல்லிவிட வேண்டும். மரபைக் காக்கிறோம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் சங்கத்துக்கு அந்தப் பொறுப்பு உண்டு.

ஏப்ரல் 30-ஆம் நாள் இரவு வால்போரி இரவு. குன்றுகளிலும் திடல்களிலும் விறகைக் குவித்துத் தீ மூட்டி, சுற்றி நின்று வசந்தத்தை வரவேற்றுப் பாடுகிறார்கள். உப்சாலா, லுண்ட் நகரங்களில் மாணவர்கள் வெண்தொப்பி அணிந்து திரளுவர். மறுநாள் கால்நடைகளை மேய்ச்சலுக்கு ஓட்டுவதற்கு முன், காட்டு விலங்குகளை வெருட்டத் தீ மூட்டினார்கள் என்பர். பெயர் மட்டும் மந்தை மேய்ப்போர் தந்ததன்று. இங்கிலாந்தில் பிறந்து, புனித போனிப்பாசுவின் மறைபரப்புப் பணிக்குத் துணையாகத் தம் சகோதரர்கள் உழைத்த செர்மானிய நாட்டுக்குச் சென்று, ஹைடன்ஹைம் மடத்தின் தலைவியாக எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித வால்பூர்காவின் பெயர் அது. அவருடைய திருப்பண்டங்கள் மே முதல் நாளில் ஐக்ஸ்டெட் நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதால் அந்நாளின் முன்னிரவு அவர் பெயரைப் பெற்றது. தாமே ஒரு குடியேறியாக வாழ்ந்த அப்புனிதை, குடியேறியோர் மூட்டும் தீக்குப் பெயராகத் துணைவருவது பொருத்தமே.

சுவீடனில் அத்தீக்கு ஒரு தேவை இருந்தது. ஐந்தாறு திங்கள் இருளிலும் பனியிலும் அடைபட்டிருந்தவர்கள் வெளியே வந்து அண்டை வீட்டாரின் முகத்தைக் காணும் இரவு அது. கலிபோர்னியாவின் கடற்கரை நகரங்களில் பனியே விழுவதில்லை; கான்சாஸில் ஏப்ரல் முடிவதற்குள் மரங்கள் தழைத்துவிடும். அங்கெல்லாம் எந்தக் குளிரை விரட்டத் தீ மூட்டுவது? பயனற்ற சடங்கு என்று சிலர் எள்ளக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. பாட்டியார் எந்தக் குளிரிலிருந்து வந்தார் என்பதைப் பேரன் அறிய வேறு வழி எது?

இனி, நம்மை மிகவும் கவர்ந்த ஒன்று. கான்சாஸ் மாநிலத்தில் லிண்ட்ஸ்போர்க் என்ற சிற்றூர் உள்ளது. வேர்ம்லாந்துப் பகுதியிலிருந்து வந்தவர்கள் 1869-இல் ஒலோஃப் ஒல்சன் என்ற போதகரின் தலைமையில் அமைத்தது. அங்குப் பெத்தானியா கல்லூரியைத் தொடங்கிய கார்ல் சுவென்சனும் அவர் மனைவி அல்மாவும் உழவர்களையும் அவர்தம் மனைவி மக்களையும் கூட்டி, ஹாண்டலின் 'மெசியா' இசைக்காவியத்தைப் பயிற்றுவித்தனர். 1882-இல் அது முதன்முறை அங்கே பாடப்பட்டது. அது முதல் புனித வாரத்தில் 'மெசியா' பாடுவது அவ்வூரின் வழக்கமாகி, நூறாண்டுகளைக் கடந்து நிற்கிறது. பின்னாளில் பெரிய வெள்ளிக்கென்று பாக் அமைத்த மத்தேயு நற்செய்திப் பாடுகளின் இசையும் சேர்ந்தது. ஏர் பிடித்துக் காய்த்த கைகள் இசையேட்டைப் பிரித்துப் பிடித்தன.

'மெசியா' சுவீடிய இசை அன்று. செர்மனியில் பிறந்தவர் இலண்டனில் ஆங்கிலச் சொற்களுக்கு அமைத்தது. 1742-இல் டப்ளினில் அரங்கேறியது. சுவீடன் நாட்டில் தாங்கள் விட்டுவந்த வழக்கங்களுள் எதிலும் அதற்கு இடமில்லை. ஆயினும் லிண்ட்ஸ்போர்க் மக்களின் வசந்தம் எதுவென்று கேட்டால் அதையே சொல்வர். தாய்நாட்டிலிருந்து கட்டிக்கொண்டுவந்த பலகாரங்களில் திருநாளின் பொருள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. புது மண்ணில் கடன் வாங்கிய இசையிலோ பாடுகளும் உயிர்ப்பும் வாய்விட்டுப் பேசுகின்றன. மரபு என்றால் பழையதை அப்படியே பெட்டியில் பூட்டுவது என்று எண்ணுவோர், வெளிநாடுகளில் பிள்ளைகளை வளர்க்கும் நம் குடும்பத்தாரும் உட்பட, இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அப்பத்துக்குள் மறைந்த அன்னையைக் குடியேறியோருள் எவரும் தேடிக் கண்டதில்லையா? ஒருவர் கண்டார். 1870-இல் சுவீடனின் ஃபோக்லவிக் ஊரில், பதின்மூன்று பிள்ளைகள் உள்ள லுத்தரன் குடும்பத்தில் ஐந்தாமவராகப் பிறந்தவர் எலிசபெத் ஹெசல்பிளாடு. வறுமை காரணமாக 1888-இல், பதினெட்டு வயதில், வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்காக அமெரிக்கா சென்றார். நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் செவிலியராகப் பணியாற்றினார். ஆண்டவர் சொன்ன அந்த ஒரே மந்தை எது என்ற கேள்வி, பல சபைப் பிள்ளைகளோடு பள்ளியில் பயின்ற காலம் முதல் அவரை விடவில்லை. கத்தோலிக்க நோயாளிகளின் படுக்கையருகே அக்கேள்வி மேலும் வலுத்தது. 1902-ஆம் ஆண்டு அன்னையின் விண்ணேற்புத் திருநாளன்று, வாஷிங்டனில், அவர் திருச்சபையில் சேர்ந்தார். உரோமை சென்று, புனித பிரிஜித்தம்மாள் வாழ்ந்த இல்லத்திலேயே அவருடைய சபைக்குப் புத்துயிர் ஊட்டினார். 1923-இல் அச்சபையைச் சுவீடனுக்கு மீண்டும் கொண்டுவந்தார். 1935-இல் வாட்ஸ்தேனாவில் அவர்தம் கன்னியர் இல்லம் திறக்கப்பட்டது. பழைய மடம் மூடப்பட்டு 340 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1937-இல் அன்னை எலிசபெத் நம் நாட்டுக்கும் கன்னியரை அனுப்பி வைத்தார். கேரளத்தில் அவர்கள் தொடங்கிய இல்லத்திலிருந்தே இந்தியாவில் பிரிஜித்தன் கன்னியரின் வாழ்வு கிளைத்தது. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், சுவீடியர் வால்போரித் தீக்கு விறகு அடுக்கும் வாரத்தில், அவர் உரோமையில் இறைவனடி சேர்ந்தார். 2016 சூன் 5-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக உயர்த்தினார். 1391-இல் புனித பிரிஜித்தம்மாளுக்குப் பிறகு அந்நாட்டில் பிறந்து பீடத்துக்கு உயர்ந்த முதல் பெண்மணி இவரே.