பயணப் பொதி விதிகள் தோட்டத்து மக்களைத் தமிழில் சென்றடைய வேண்டும்

வெளிநாட்டில் தொழில் புரிவோர் நாட்டுக்கு அனுப்பிய பணம் 2024ஆம் ஆண்டில் 650 கோடி அமெரிக்க டொலருக்கும் அதிகம். பொருளாதார நெருக்கடியில் நாடு தத்தளித்த வேளையில் அதைத் தாங்கி நின்ற தூண்களில் இதுவும் ஒன்று என்பதை எவரும் மறுத்துரைக்க முடியாது. அந்தப் பணத்தை அனுப்புகின்றவர்களில் பெல்மதுளை, கஹவத்தை, இறக்குவானை, பலாங்கொடை ஆகிய இடங்களைச் சூழவுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலிருந்து சென்ற பெண்களும் இளைஞர்களும் உள்ளனர். தோட்டத்து வருமானம் வீட்டுச் செலவுக்கே போதாத நிலையில், லயன் அறையின் ஒரு மூலையில் பெட்டி கட்டப்படுகின்றது. அந்தப் பெட்டிக்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் அதை அறியாமையால் ஒருவர் இழக்கக்கூடியது ஒரு போத்தல் ஊறுகாயாகவும் இருக்கலாம், வாழ்நாளின் பெரும் பகுதியாகவும் இருக்கலாம்.

பெட்டியுடன் கடல் கடப்பது மலையக மக்களுக்குப் புதிதன்று. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் ட்ரங்குப் பெட்டிகளுடன் தலைமன்னாரில் கப்பலேறிய குடும்பங்களின் நினைவு இன்னும் மறையவில்லை. அன்று எதைக் கொண்டுசெல்லலாம் என்பதை மற்றவர்கள் தீர்மானித்தார்கள். இன்று கட்டுநாயக்காவில் விமானமேறுகின்றவர் தன் பெட்டிக்குத் தானே பொறுப்பாளி. பொறுப்பு அவருடையது என்றால், விதியை அவருக்குப் புரியும் மொழியில் சொல்வது மற்றவர்களின் கடமையாகின்றது.

இந்த விதிகள் அதிகாரிகளின் மனம்போன போக்கில் எழுந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அழிவோ, மயிரிழையில் தப்பிய அழிவோ உள்ளது. 1985 ஜூன் 23இல் எயார் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அட்லாண்டிக் கடலின் மேல் வெடித்து 329 பேர் மாண்டனர். குண்டு இருந்த பெட்டி விமானத்தில் இருந்தது. அதை ஒப்படைத்தவர் இருக்கவில்லை. பயணி ஏறாவிடின் அவரது பொதியும் இறக்கப்பட வேண்டும் என்ற நடைமுறை அதன் பின்னரே உலகெங்கும் இறுகியது. 1986 மே 3இல் எமது கட்டுநாயக்காவிலேயே எயார் லங்கா விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் உயிரிழந்தனர். 2006 ஓகஸ்டில் குளிர்பானப் போத்தல்களில் திரவ வெடிபொருளை மறைத்து விமானங்களைத் தகர்க்கும் சதி பிரித்தானியாவில் முறியடிக்கப்பட்டது. கைப்பொதியிலுள்ள திரவங்களுக்கான கட்டுப்பாடு அதன் விளைவாகும்.

அந்தக் கட்டுப்பாட்டின்படி, கைப்பொதியில் உள்ள ஒவ்வொரு திரவக் கொள்கலனும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். அவை யாவும் ஒரு லீற்றர் கொள்ளும் ஒளிபுகும் பையொன்றுக்குள் அடங்க வேண்டும். இங்கே பலர் தவறுவது இரண்டு இடங்களில். முதலாவது, கணக்கிடப்படுவது கொள்கலனின் அளவே. 200 மில்லிலீற்றர் போத்தலில் அரைவாசி மட்டும் தேங்காயெண்ணெய் இருந்தாலும் அது அனுமதிக்கப்படாது. இரண்டாவது, தண்ணீர் போல ஓடுவது மாத்திரம் திரவமன்று. தைலம், களிம்பு, பற்பசை, அத்தர், ஊறுகாய், பாணி, சம்பல் ஆகிய யாவும் அந்தக் கணக்கில் அடங்கும். குழந்தைக்கான பாலுக்கும் பயணத்தில் தேவைப்படும் மருந்துக்கும் விலக்குண்டு. ஆயினும் அவற்றைச் சோதனையின்போது தாமாகவே எடுத்துக் காட்ட வேண்டும். பிரித்தானியாவின் சில விமான நிலையங்களில் புதிய ஸ்கேனர்களின் வருகையால் இந்த அளவு தளர்த்தப்பட்டுள்ளது. அதை நம்பி இங்கிருந்து புறப்படுகின்றவர் இடைமாறும் விமான நிலையத்தில் பொருளை இழக்க நேரிடும்.

கத்தி, கத்தரிக்கோல், பாக்குவெட்டி, தேங்காய் துருவும் அலகு போன்ற கூரிய பொருட்களை ஒப்படைக்கும் பெட்டியில், உறையிட்டு வைக்க வேண்டும். கைப்பையில் அவை அகப்பட்டால் திரும்பப் பெறுவது கடினம். நள்ளிரவில் வானில் கூட வந்த உறவினர்கள் வெளியிலேயே நின்றுவிடுகின்றனர். இறுதிச் சோதனையில் மறுக்கப்படும் பொருளைக் கொடுத்தனுப்ப அங்கு எவரும் இருப்பதில்லை.

இதற்கு நேர்மாறாக, பெட்டியில் வைக்கவே கூடாது, கையில்தான் கொண்டுசெல்ல வேண்டும் என்ற பொருட்களும் உள்ளன. அவற்றில் முதன்மையானது கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பேங்க். லித்தியம் பற்றரி பழுதடைந்தால் தானாகவே சூடேறித் தீப்பற்றும். பயணிகள் அறையில் தீப்பற்றினால் பணியாளர்கள் தண்ணீர் ஊற்றி அடக்கலாம். பொதியறையில் பற்றினால் பறக்கும்போது எவரும் அங்கு செல்ல முடியாது. 2025 ஜனவரி 28இல் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் எயார் பூசான் விமானமொன்று எரிந்தது. இருக்கைக்கு மேலுள்ள தட்டிலிருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றே விசாரணையாளர்கள் தெரிவித்தனர். விமானம் புறப்படுமுன் தீப்பற்றியதால் உயிர்கள் தப்பின. 2025 ஒக்டோபர் 1 முதல் எமிரேட்ஸ் விமானங்களில் பயணி ஒருவர் ஒரு பவர் பேங்க் மாத்திரமே கொண்டுசெல்லலாம். பயணத்தின்போது அதைப் பாவிக்க முடியாது. பொதுவான வரம்பு 100 வோற்-மணி. 20,000 மில்லியம்பியர் அளவுடையது ஏறத்தாழ 74 வோற்-மணியாகும். 30,000 அளவுடையது 100ஐத் தாண்டிவிடும். அளவு குறிக்கப்படாத மலிவான பவர் பேங்க் பறிமுதலாகும் வாய்ப்பே அதிகம்.

ஒப்படைக்கும் பெட்டியிலும், கைப்பையிலும், இரண்டிலுமே கூடாதவை மூன்றாவது வகை. பட்டாசு, பெற்றோல், எரிவாயுக் கொள்கலன், பெயின்ற் தின்னர் ஆகியவற்றை எவரும் எளிதில் ஊகிக்கலாம். கற்பூரத்தை ஊகிப்பவர் சிலரே. தோட்டத்துக் கோயிலில் அர்ச்சனை செய்து, திருநீற்றுடன் ஒரு பக்கற் கற்பூரத்தையும் பெட்டியில் வைத்து அனுப்புவது எமது வழக்கம். திருநீற்றால் தீங்கில்லை, கற்பூரமோ சர்வதேச விதிகளில் தீப்பற்றும் திண்மப்பொருள். அவ்வாறே கொப்பரைத் தேங்காயும் தானாகச் சூடேறும் பொருளாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. தீப்பெட்டியைப் பெட்டியில் வைப்பதும் தவறாகும். அத்தரும் வாசனைத் தெளிப்பான்களும் ஒப்படைக்கும் பெட்டியில் செல்லலாம். ஆனால் ஒவ்வொன்றும் அரை லீற்றருக்கும், மொத்தம் இரண்டு லீற்றருக்கும் மேற்படலாகாது.

நிறையைப் பொறுத்தவரை, கைப்பொதிக்கு ஏழு கிலோகிராம் என்பது பல விமான சேவைகளின் வரம்பு. ஒப்படைக்கும் பொதிக்கான அளவு பயணச்சீட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். எவ்வளவு அனுமதி இருந்தாலும், சுமந்து ஏற்றும் தொழிலாளரின் பாதுகாப்புக் கருதித் தனிப்பெட்டி ஒன்று 32 கிலோகிராமைத் தாண்டக்கூடாது. மக்காவிலிருந்து திரும்புவோர் ஸம்ஸம் நீரை உறையிடப்பட்ட ஐந்து லீற்றர்ப் பொதியாகத் தனியே ஒப்படைக்க வேண்டும். உடுப்புகளுக்கிடையே போத்தல்களைப் பதுக்கி வைத்தால் பெட்டி திறக்கப்படும், பயணமும் தாமதமாகும்.

விமானத்தின் விதியைக் கடந்தாலும், இறங்கும் நாட்டின் சட்டம் வாயிலில் காத்திருக்கின்றது. இங்கு கடைத்தெருவில் கிடைக்கும் பொருள் அங்கு போதைப்பொருளாகக் கருதப்படலாம். கசகசா இதற்குத் தக்க சான்று. எமது நாட்டில் பலூடாவில் கலக்கும் கசகசா துளசி இனத்தின் விதை. அதே பெயரில் மசாலாவுக்கு அரைக்கப்படும் கசகசா அபின் செடியின் விதை. பின்னையது ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சவூதி அரேபியாவிலும் தடைசெய்யப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாத மொழியில் சுங்க அதிகாரிக்கு விளக்க முயல்வதைவிட, இரண்டையுமே வீட்டில் விட்டுச் செல்வது உத்தமம். வெற்றிலையும் ஐக்கிய அரபு இராச்சியத்தில் தடை; கொழுந்து மலையில் நாள் முழுதும் வெற்றிலை மென்று பழகிய தாய்மார் இதை முன்னரே அறிந்திருக்க வேண்டும். மதுபானத்துக்கு சவூதி அரேபியாவிலும் குவைத்திலும் இடமில்லை. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடோல் போன்ற வலி நிவாரணிகள் ஆகியன வளைகுடா நாடுகளில் கடும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. எந்த மருந்தாயினும் அதன் சொந்த உறையுடனும், வைத்தியரின் மருந்துச் சீட்டுடனும் கைப்பையில் இருப்பதே முறை. உறை களைந்து தாளில் சுற்றிய மாத்திரை என்னவென்று எவராலும் சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் கொடியது மற்றவர் தந்த பொதி. "ஊரில் இருந்து வருகிறாய் அல்லவா, இந்தச் சிறிய பார்சலை என் தம்பியிடம் கொடுத்துவிடு" என்று கேட்கும்போது மறுப்பது எமது பண்பாட்டில் கடினம். பிலிப்பைன்ஸைச் சேர்ந்த மேரி ஜேன் வெலோசோ என்ற பெண் 2010ஆம் ஆண்டில் இந்தோனேசியாவில் கைதானார். அவரது பெட்டியின் உட்புறத்தில் ஹெரோயின் மறைக்கப்பட்டிருந்தது. வேலை பெற்றுத் தருவதாகச் சொன்னவரே அந்தப் பெட்டியைத் தந்தார் என்றும், உள்ளிருந்தது தமக்குத் தெரியாதென்றும் அவர் கூறினார். நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2015 ஏப்ரலில் இறுதி வேளையில் அது நிறுத்திவைக்கப்பட்டது. 2024 டிசம்பரிலேயே அவர் தாயகம் திரும்பினார். இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு பெண் ஏறத்தாழ 15 ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். சவூதி அரேபியாவிலும் போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனை உண்டு. எமது கட்டுநாயக்காவிலும் 2025இல் தாய்லாந்திலிருந்து வந்த பயணப் பெட்டிகளில் கஞ்சா மீண்டும் மீண்டும் கைப்பற்றப்பட்டது. பெட்டி யார் பெயரில் உள்ளதோ, அவரையே சட்டம் முதலில் பிடிக்கும். ஆகவே தன் கையால் கட்டாத பெட்டியை ஏற்கக்கூடாது. அவிழ்த்துப் பார்க்க அனுமதிக்கப்படாத பொதியைத் தொடவும் கூடாது. உறவினர் மனம் நோகுமே என்று எண்ணுகின்றவர்கள், உண்மையான உறவினர் பொதியைப் பிரித்துப் பார்ப்பதைத் தடுக்க மாட்டார் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

கடவுச்சீட்டு, தொழில் ஒப்பந்தம், பணம், நகை ஆகியன எக்காரணம் கொண்டும் ஒப்படைக்கும் பெட்டிக்குள் போகலாகாது. ஒப்பந்தத்தின் பிரதியொன்று வீட்டிலும் இருக்க வேண்டும். இரத்தினபுரி மாவட்டத்தில் கல் கைமாறுவது சாதாரணமாயினும், விற்பனைக்கான இரத்தினக்கல்லைத் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் நடைமுறைக்கு வெளியே நாடு கடத்துவது குற்றமாகும். பெட்டி வந்து சேராவிடின், விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன்னரே முறைப்பாட்டுப் படிவம் பெற வேண்டும். பெட்டிக்கான ஒட்டுச்சீட்டை எறிந்துவிடலாகாது. 1999ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம் ஏற்புடைய பயணங்களில், சேதத்துக்கு 7 நாட்களுக்குள்ளும் தாமதத்துக்கு 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். இந்த உரிமையை அறியாதவருக்கு அது இல்லாததற்குச் சமம்.

இங்கேதான் அதிகாரத் தரப்பின் பொறுப்பு எழுகின்றது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. சப்ரகமுவ மாகாணத்தில் சிங்கள ஊர்களுக்கிடையே சிதறி வாழும் தோட்டத் தமிழ் மக்களும், நகரங்களைச் சார்ந்து வாழும் முஸ்லிம்களும் அரச அலுவலகங்களில் அந்த உரிமையை எந்த அளவுக்கு அனுபவிக்கின்றனர் என்பதை நாம் விவரிக்கத் தேவையில்லை. பயணச்சீட்டிலுள்ள பொதி விதிகளோ ஆங்கிலத்தில், சிறிய எழுத்தில் அச்சிடப்படுகின்றன. படித்தவர்களே படிக்காமல் விடும் அந்த எழுத்தை, தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டு, "உமக்கு அறிவித்தோம்" என்று சொல்வது நியாயமாகாது.

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் தனது புறப்படுமுன் பயிற்சியில் பெட்டி கட்டுவதையே ஒரு பாடமாக்கலாம். உண்மையான பெட்டியொன்றை மேசையில் வைத்து, பொருளைக் கையில் எடுத்துக் காட்டித் தமிழில் விளக்க ஒரு மணித்தியாலம் போதும். முகவர் நிலையங்கள் பயணச்சீட்டுடன் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கையை வழங்குவது கட்டாயமாக்கப்பட வேண்டும். அதில் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பெயர் நூலகத் தமிழில் அன்றி, தோட்டத்தில் வழங்கும் பெயரிலேயே இருக்க வேண்டும். தொழிற்சங்கங்களும், கோயில் பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதைத் தம் பணியாக ஏற்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவின் பின்னரும், கோயில் பூசையின் பின்னரும் ஐந்து நிமிடம் பேசினால் செய்தி வீடுவீடாகச் சென்றுவிடும்.

பெல்மதுளையிலிருந்து கட்டுநாயக்காவுக்குச் செல்லும் வானில் ஏற்றப்படும் பெட்டிக்குள் ஒரு குடும்பத்தின் கடனும், பிள்ளைகளின் படிப்பும், ஒரு தாயின் இரண்டு வருடங்களும் சேர்ந்தே கட்டப்பட்டுள்ளன. அவர் அனுப்பும் டொலரை நாடு மகிழ்ந்து ஏற்கின்றது. அவர் கொண்டுசெல்லும் பெட்டி அவரைச் சிறைக்கு இட்டுச் செல்லாதிருக்க ஒரு தாள் தமிழில் அச்சிடுவது அந்த நாட்டுக்குப் பெருஞ்செலவாகாது. சம்பந்தப்பட்டவர்கள் இதில் தாமதமின்றிக் கவனம் செலுத்த வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.