பாதியில் கல்லூரி மாறலாமா?

கோலார் தங்கவயல்: மாரிக்குப்பம் ரயிலுக்கு சீசன் டிக்கெட் வாங்க வரும் மாணவர்கள் சிலர் கவுண்டரிலேயே கேட்கிறார்கள்: "சார், இதை விட்டுவிட்டு பெங்களூரில் தனியார் பல்கலைக்கழகத்தில் சேரலாமா?"

ஆசையில் நியாயம் உண்டு. 2017-ல் பெங்களூர் பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்து, நம் வட்டாரக் கல்லூரிகள் கோலாரைத் தலைமையிடமாகக் கொண்ட வடக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்தன. ஆயினும் கல்லூரி ஓரிடம், பரீட்சை நடத்துவது வேறிடம். தனியார் பல்கலைக்கழகம் சிறியது. பிற கல்லூரிகளை இணைத்துக்கொள்ள முடியாது. பாடம் நடத்துபவரே விடைத்தாளும் திருத்துவார்.

ஆனால் எழுதி முடித்த பரீட்சைகள் கூடவே வருமா? யு.ஜி.சி. 2021-ல் ஏற்படுத்திய கிரெடிட் வங்கியில் சேர்த்தவை 7 ஆண்டுவரை செல்லும். அப்படியும், பட்டத்துக்குப் பதிவு செய்த இடத்தில் குறைந்தது பாதி கிரெடிட்டாவது பெற்றாக வேண்டும். மூன்றாண்டுப் படிப்பில் இரண்டை முடித்தவன் மாறினால் படித்ததில் ஒரு பகுதி வீண்.

அடுத்தது பணம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடியபின் நிலையான சம்பளம் போன வீடுகள் எத்தனை! தங்கம் தோண்டிய ஊரில், மகன் படிப்புக்காகத் தாயின் தாலிச் சங்கிலி அடகுக்குப் போகிறது.

முதலாண்டு முடித்தவர்கள் யோசிக்கலாம். இறுதியாண்டு மாணவர் இருக்குமிடத்திலேயே முடிப்பதே மேல். எத்தனை கிரெடிட் ஏற்பார்கள், முழுக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் வாங்குமுன் டி.சி.க்கு மனுக் கொடுக்க வேண்டாம்.