உப்பும் வளர்கிறதே!

ஆவணி பிறந்துவிட்டால் வடமராட்சிச் சைவக் குடும்பங்களுக்குச் செல்வச்சந்நிதியின் நினைவு வந்துவிடும். நாங்களும் போயிருந்தோம். அன்னதானச் சோறுண்டு, வெயில் தாழட்டும் என்று ஆற்றங்கரை மரநிழலில் அமர்ந்தோம். ஆறு என்பது வாய்ப்பேச்சுக்குத்தான். குடாநாட்டில் மலையிற் பிறந்து கடலில் விழும் ஆறு ஒன்றேனும் இல்லை. தொண்டைமானாறு கடலோடு தொடுப்புள்ள நீரேரி. கரணவாய், வெள்ளப்பரவை முதலிய இடங்களில் விளைந்த உப்பை மரக்கலமேற்றுவதற்காகக் கருணாகரத் தொண்டைமான் என்னும் படைத்தலைவன் இதனை வெட்டுவித்தான் என்பது வழிவழி வந்த வரலாறு. ஆக, இந்த ஆற்றின் பெயரிலேயே உப்புக் கரிக்கிறது எனலாம்.

உடன் வந்திருந்த என் பெறாமகள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறவள். காரணம் கேட்டதற்கு அவளுடைய அப்பாச்சிதான் பதில் சொன்னார்.

“பிள்ளை உயிரியலை விட்டிட்டு வர்த்தகம் படிக்கப் போகுதாம். ஒரு கேள்விக்கு மறுமொழி எழுத முடியேல்லையாம்.”

வகுப்பிலே வைத்த சிறு பரீட்சை. உயிருள்ளவற்றின் இயல்புகளை எழுதுக என்பது முதற் கேள்வி. அதற்கு ஒழுங்கும் அமைப்பும், அனுசேபம், வளர்ச்சியும் விருத்தியும், உறுத்துணர்ச்சியும் இயைபாக்கமும், இசைவாக்கம், இனப்பெருக்கம், பாரம்பரியமும் கூர்ப்பும் என ஏழையும் தேவாரம் ஓதுவதுபோல் எழுதிவிட்டாள். அடுத்த கேள்விதான் இடறிற்று. ‘உப்புப் பளிங்கும் வளர்கிறது, எனினும் அது உயிருள்ளதன்று. காரணம் தருக.’ அவ்விடத்தை வெறுமையாக விட்டு வந்திருக்கிறாள். இன்னும் சில கிழமைகளில் வெளிக்கள நிலையத்தின் பரீட்சை வருகிறது. அதிலும் இப்படி ஒன்று வந்தால் என்ன செய்வது என்பது அவள் கவலை.

தொண்டைமானாறு வெளிக்கள நிலையம் என்றால் வடபுலத்து விஞ்ஞான மாணவர் அனைவரும் அறிவர். வினாத்தாளின் தலையில் அப்பெயரைப் பார்த்தவுடனே வயிற்றில் புளி கரையும். ஆனால் அந்தப் பெயரின் பொருளை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்? நான்கு சுவர்களுக்குள் படித்ததை வெளியே, களத்திலே, சேற்றிலும் மணலிலும் நின்று பார்க்க வேண்டும் என்பதன்றோ அப்பெயர்! அந்தக் களம் அப்போது எங்கள் காலடியிற் கிடந்தது. “எழும்பு, பிள்ளை” என்று அவளை அழைத்துக்கொண்டு நீரோரத்துக்கு நடந்தேன்.

கோடையில் நீர் வற்றிய கரை நெடுக வெள்ளை படர்ந்திருந்தது. குனிந்து ஒரு கட்டியை எடுத்தேன். சிறிதும் பெரிதுமாகப் பளிங்குகள்; பெரியவற்றின் முகங்கள் சதுரஞ் சதுரமாக ஒளிர்ந்தன. ஒழுங்கும் அமைப்பும் வேண்டுமா? இதைவிட ஒழுங்கை எந்த உயிரில் காண்போம்! நேற்றுச் சிறிதாக இருந்தது இன்று பெரிதாயிற்று. ஆகவே வளர்ச்சியும் உண்டு. ஒரு துண்டை உடைத்து உப்பு நிறைந்த நீரில் இட்டால், அதைச் சுற்றிப் புதிய பளிங்கு உண்டாகும். இதனை இனப்பெருக்கம் என்று ஒரு குறும்புக்காரன் வாதாடினால் உடனே மறுப்பது எளிதன்று.

“அப்படியென்றால் இந்தப் பட்டியல் பிழையா, பெரியப்பா?” என்றாள்.

பட்டியல் பிழையன்று. அதைத் தனித்தனிச் சொற்களாக மனனம் செய்வதுதான் பிழை. உப்புப் பளிங்கு எதை உண்டு வளர்கிறது? உப்பையே. சூழவுள்ள நீரில் என்ன இருந்ததோ அதுவே வெளிப்புறத்தில் படலம் படலமாக ஒட்டிக்கொள்கிறது. அருகே நிற்கும் கண்டல் எதனால் வளர்கிறது? காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு, சேற்றிலுள்ள நீர், சிறிது கனியுப்புகள். இவற்றில் எதுவும் கண்டலன்று. அவற்றை உள்ளே வாங்கி, உடைத்து, கோத்து, தானாக ஆக்கிக்கொள்கிறது. தன்னிலும் வேறான பொருளைத் தன்மயமாக்குவதற்குத்தான் அனுசேபம் என்ற பெரிய பெயர். ஒட்டி வளர்வது உப்பு. உட்கொண்டு வளர்வது உயிர்.

இன்னொன்றும் காட்டினேன். வெண்கண்டல் இலைகளைத் தடவிப் பார்த்தால் நுண்ணிய உப்புத் துகள்கள் கையில் ஒட்டும். இம்மரத்தை நம்மவர் கண்ணா என்றும் சொல்வர். உப்புச் சேற்றில் வேரூன்றி நிற்பதால் மிகையான உப்பு உள்ளே புகுந்துவிடுகிறது. அதனை இலைகளிலுள்ள உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. கண்டலோ பெரும்பகுதி உப்பை வேரிலேயே மறித்து நிறுத்திவிடுகிறது. வீட்டுக்கு வந்த வேண்டாத விருந்தாளியைப் பின்வாசலால் அனுப்புகிறவர் ஒருவர். படலையிலேயே மறிக்கிறவர் மற்றவர்! சுரந்து வெளியே தள்ளுவதற்குச் சக்தி செலவாகிறது. கண்டலின் கிளையில் முருங்கைக்காய் போலத் தொங்குவதைக் காய் என்றே பலர் நினைப்பர். அது காயன்று, தாய்மரத்திலேயே முளைத்துவிட்ட நாற்று. அலையடிக்கும் சேற்றில் விதை தங்காது என்பதற்கு அம்மரத்தின் இசைவாக்கம் இது.

நம் உடலிலும் ஒவ்வொரு கலமும் ஒரு கண்ணா மரந்தான். கலத்தைச் சூழவுள்ள பாய்பொருளில் சோடியம் மிகுதி. உள்ளே பொற்றாசியம் மிகுதி. இடையிலுள்ள மென்சவ்வு பெரிதும் பொசுபோலிப்பிட்டு என்னும் கொழுப்பினத்தால் ஆனது. சும்மா விட்டால் சோடியம் உள்ளே கசிந்து இருபுறமும் ஒன்றாகிவிடும். ஆகவே அச்சவ்விலுள்ள ஒரு புரதம் ஓயாமல் சோடியத்தை வெளியே இறைத்து, பொற்றாசியத்தை உள்ளே சேர்க்கிறது. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த நம் பாட்டன்மாருக்கு இவ்வேலை நன்றாய் விளங்கும். இந்த இறைப்பானை டென்மார்க்கு நாட்டு விஞ்ஞானி ஜென்சு ஸ்கூ 1957ஆம் ஆண்டில் விளக்கினார். 1997இல் அதற்காக நோபெல் பரிசும் பெற்றார். அவர் எதனை ஆராய்ந்தார் தெரியுமோ? கடற்கரை நண்டின் கால் நரம்பை! இதைக் கேட்டதும் பெறாமகள் சேற்று வளையருகே நின்ற நண்டைச் சற்று மரியாதையோடு பார்த்தாள். இறைப்பு நின்றால் உட்புறமும் வெளிப்புறமும் சமமாகும். உயிர் உள்ளவரை அந்தச் சமநிலைக்கு இடங்கொடுப்பதில்லை.

வீடு திரும்பிய பின்னும் பேச்சு ஓயவில்லை. அவளுக்கு அடுத்த ஐயம் பிறந்திருந்தது. உயிருள்ளவற்றில் ஏதேனும் தனிப்பொருள் இருக்கிறதா? உப்பில் இல்லாத ஏதோ ஒரு ‘உயிர்ச்சத்து’?

இது பெரிய பெரிய இரசாயனவறிஞரையே மயக்கிய ஐயம். மனித உடலின் நிறையில் ஏறக்குறைய 65 வீதம் ஒட்சிசன், 18 வீதம் காபன், 10 வீதம் ஐதரசன், 3 வீதம் நைதரசன். எஞ்சிய சிறுபங்கில் கல்சியம், பொசுபரசு, கந்தகம் முதலியன. எல்லாம் மண்ணிலும் நீரிலும் காற்றிலும் கிடப்பவையே. எனினும் இவை சேர்ந்து உண்டாகும் உயிர்ப்பொருள்களை உயிர் ஒன்றினால்தான் ஆக்க முடியும் என்று ஒரு காலத்தில் நம்பினர். 1828இல் செருமானியர் பிரீட்றிக் வோலர், அமோனியம் சயனேற்று என்னும் உயிரிலாப் பொருளிலிருந்து யூரியாவை ஆக்கிவிட்டார். சிறுநீரில் உள்ள அதே யூரியா, சிறுநீரகத்தின் துணையின்றியே பிறந்தது!

பின்னும் ஓர் அரண் மிஞ்சியிருந்தது. கள் புளிப்பதற்கு உயிருள்ள மதுவம் வேண்டும் என்றனர். நம் ஊரில் முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர், தடவாவிட்டால் கள். சுண்ணாம்பின் காரத்தன்மை மதுவத்தின் கையைக் கட்டிவிடுகிறது. ஆனால் 1897இல் எடுவேட் புக்னர் மதுவத்தை மணலோடு அரைத்து, பிழிந்து, உயிருள்ள கலம் இல்லாத சாற்றை எடுத்துச் சர்க்கரையோடு சேர்த்தார். அது நுரைத்துப் பொங்கிற்று. வேலை செய்தது கலத்துக்குள் இருந்த நொதியம். நொதியம் எப்படிப்பட்ட பொருள் என்பதை 1926இல் அமெரிக்கர் யேம்சு சம்னர் காட்டினார். வாளவரை இனத்து விதையிலிருந்து யூரியேசு என்ற நொதியத்தைப் பளிங்காகப் பிரித்து, அது புரதமே என்று நிறுவினார். இளமையில் வேட்டை விபத்தில் இடக்கையை இழந்தவர் அவர். பிறவியில் இடக்கைப் பழக்கமுடையவர். அதன்பின் வலக்கை ஒன்றாலேயே ஆய்வுகூட வேலை முழுவதையும் பழகிக்கொண்டவர். கேள்வி ஒன்று வரவில்லை என்று படிப்பை மாற்ற நினைப்பவரிடம் இதனைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நொதியத்தை நீங்களும் வீட்டில் காணலாம். சோற்றுக் கஞ்சியை நீர்விட்டு ஐதாக்கி, நன்கு ஆறவிட்டு, மூன்று கிண்ணங்களில் ஊற்றுக. முதலாவதில் எதுவும் சேர்க்க வேண்டாம். இரண்டாவதில் சிறிது உமிழ்நீர் சேர்க்க. மூன்றாவதில் கொதிக்கவைத்து ஆறிய உமிழ்நீர் சேர்க்க. இளஞ்சூட்டில் கால் மணி நேரம் வைத்திருந்து, காயத்துக்குப் பூசும் அயடீன் ஒவ்வொரு துளி விடுக. முதலாவதும் மூன்றாவதும் கருநீலமாகும். இரண்டாவதில் அந்நிறம் தோன்றாது, அல்லது மிக மங்கலாகத் தோன்றும். அதிலிருந்த மாப்பொருளை உமிழ்நீரின் அமைலேசு வெட்டிவிட்டது. கொதித்த நொதியமோ உருக்குலைந்து வேலை செய்யவில்லை. புரதத்தின் மடிப்புக் கலைந்தால் அதன் தொழிலும் போய்விடும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு மீண்டும் நீராவதில்லையே! (அயடீன் கலந்த கஞ்சியைச் சிறுவர் எடுத்துக் குடிக்காதபடி ஊற்றிவிடுக.)

மறுநாட் காலையில் அப்பாச்சி பனங்கொட்டை அடுக்கப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். உயிரிரசாயனத்தில் அவருக்குப் பட்டமில்லை, அநுபவம் உண்டு. கல்லுப்போன்ற அந்தக் கொட்டையின் உள்ளே இருப்பது பெரும்பாலும் மன்னான் என்னும் பல்சக்கரைட்டு. முளை வந்ததும் நொதியங்கள் அதனைக் கரைத்து வெல்லமாக்குகின்றன. கரைந்ததை உறிஞ்சும் உறுப்பாகப் பூரான் உள்ளே பஞ்சுபோல் வளர்கிறது. பூரான் ஏன் இனிக்கிறது என்பது இப்போது விளங்கும். அங்கிருந்து போன வெல்லம் மண்ணுக்குள்ளே மாப்பொருளாகச் சேர்ந்து கிழங்காகிறது. கிழங்கு காய்ந்து ஒடியலாகிறது. ஒடியல் மாவாகிக் கூழாகிறது. கூழ் நம் வாயில் மறுபடி வெல்லமாகிறது. அதே மூலக்கூறு அலகுகள்தாம் கோக்கப்பட்டும் அவிழ்க்கப்பட்டும் கைமாறுகின்றன. மன்னான், மாப்பொருள் என்ற பெயர் வேறுபாடு, எந்த வெல்லம் எப்படிக் கோக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

“இந்தக் கொட்டை இப்போது உயிரோடு இருக்கிறதா, அப்பாச்சி?” என்று பேர்த்தி கேட்டாள்.

“மண்ணுக்குள்ள வைச்சால்தான் தெரியும்” என்றார் கிழவி. நல்ல விடை. நல்ல விதை மிக மெல்லச் சுவாசித்தபடி காத்திருக்கும். கெட்ட விதை வெளித்தோற்றத்துக்கு அப்படியே இருக்கும்.

புகையிலைத் தோட்டத்தைக் கடக்கும்போது மிகச் சங்கடமான எடுத்துக்காட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. புகையிலையில் சித்திரவடிவான மஞ்சட் புள்ளிகளை உண்டாக்கும் வைரசை, 1935இல் உவெண்டல் சுடான்லி பளிங்காகப் பிரித்தெடுத்தார். உப்பைப்போலப் புட்டியில் அடைத்து வைக்கலாம், உண்பதில்லை, சுவாசிப்பதில்லை. கரைத்து இலையில் தேய்த்தால் அங்கே பெருகி நோயை உண்டாக்கும். அவர் அதனைப் புரதம் மட்டுமே என எண்ணினார். மறு ஆண்டிலேயே போடனும் பிரியும் அதில் கருவமிலமும் உண்டு என்று காட்டினர். பிறர் கலத்தின் அனுசேபத்தை இரவல் வாங்கிப் பெருகும் இதனை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது? பெரும்பாலான பாடநூல்கள் எல்லைக்கோட்டிலேயே நிறுத்திவிடுகின்றன. என் கருத்தைக் கேட்டால், கலமின்றி ஒன்றுஞ் செய்ய இயலாததை உயிர் என்று சொல்ல நான் தயங்குவேன். பெறாமகள் ஒப்பவில்லை. “பாரம்பரியமும் கூர்ப்பும் அதற்கு இருக்கிறதே, பெரியப்பா! உப்புக்கு இல்லையே!” என்றாள். வைரசின் கருவமிலத்தில் எழுதியிருப்பது சந்ததிக்குப் போகிறது, சில வேளை எழுத்துப் பிழையோடு; அப்பிழையில் சில நிலைத்தும் விடுகின்றன. உப்புக்குச் சொல்வதற்கு எதுவும் இல்லை. அவள் வாதம் வலியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆற்றங்கரையில் எடுத்த உப்புக் கட்டியை அவள் காகிதத்தில் மடித்து உயிரியற் கொப்பிக்குள் வைத்திருந்தாள். கார்த்திகை மழைக்கு அது கசிந்து, இரண்டு பக்கத்து மையைக் கரைத்துவிட்டது. அதே கிழமையில், பூரான் பார்க்கிறேன் என்று பாத்தியிலிருந்து ஆறு கொட்டைகளைக் கிண்டி வெட்டியிருக்கிறாள். நான்கில் பூரான், இரண்டு அழுகல். வெட்டிய பாதிகளைக் கொப்பியில் வரைந்து பெயரிட்டுக்கொண்டிருந்தவளிடம், மிச்சக் கொட்டையில் கைவைத்தால் தைக்குக் கிழங்கு கிடையாது என்று அப்பாச்சி சத்தமிட்டது வேலிக்கு அப்பாலும் கேட்டது.