பூச்சியின் பெயரும் பார்கோடும்

மழைக்காலத்து மாலையில் நெமிலிச்சேரி இரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருப்போர், விளக்கைச் சுற்றி மொய்க்கும் பூச்சிக் கூட்டத்தைக் கண்டு முகம் சுளித்து விலகுவர். ஈசல் என்பர், வண்டு என்பர். ஏனையவற்றையெல்லாம் 'பூச்சி' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுவர். விலங்கியல் பயிலும் நம் மாணவரும் இவ்விஷயத்தில் அதிகம் மேம்பட்டவரல்லர் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்ளுகிறோம்.

பெயர் தெரியாவிடில் என்ன குடி முழுகிவிடும் என்று சிலர் வினவலாம். அவர்கள் 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் நேர்ந்ததைக் கேட்டறிதல் நன்று. ஓலைகளின் அடிப்புறத்தில் வெள்ளை ஈக்கள் சுருள் சுருளாக முட்டையிட்டன. அவை சொரிந்த தேன்போன்ற கசிவின்மேல் கரும்பூஞ்சணம் படர்ந்து ஓலைகள் கறுத்தன. சுருளாக முட்டையிடும் வெள்ளை ஈ ஒன்று முன்னரே நம் நாட்டில் உண்டு. அதுவே இது எனக் கொள்ளுவது எளிது. ஆராய்ந்தபோதோ, இது அமெரிக்கக் கண்டத்து வேறோரினமாகிய ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்று புலனாயிற்று. பெயர் விளங்கவே அதன் பகைவனும் இன்னதென விளங்கிற்று. என்கார்சியா குவாடிலூப்பே என்னும் மிகச் சிறு குளவி, அவ்வீயின் குஞ்சுகளுக்குள் வளர்ந்து அவற்றைக் கொல்லுகின்றது. கண்டபடி நஞ்சு தெளித்தால் உதவிக்கு வந்த குளவியே மடியும் என்று நிபுணர் எச்சரித்தனர்.

இத்தகைய ஐயங்களைத் தீர்க்க இக்காலத்தில் கிடைத்துள்ள நூதன சாதனமே டி.என்.ஏ. பார்கோடு. கடையில் சோப்பின் உறைமேலுள்ள கறுப்புக் கோடுகள் அச்சரக்கு இன்னதெனக் காட்டுவதுபோல, பூச்சியின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள ஒரு மரபணுவின் ஏறக்குறைய 650 எழுத்துக்கள் அதன் இனத்தைக் காட்டும் என்று கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்துப் பால் ஹீபர்ட்டும் அவர்தம் தோழரும் 2003-இல் எடுத்துரைத்தனர். ஒரு கால் போதும். முட்டையோ புழுவோ கிடைப்பினும் போதும்.

ஆயினும், 'இனி ஊசியும் நுண்ணோக்கியும் எதற்கு?' என்பாரோடு நாம் உடன்படோம். பார்கோடு தானாக எப்பெயரையும் அறியாது. முன்னரே பெயர் தெரிந்த பூச்சிகளின் தொகுதியோடு ஒப்பிட்டே விடை பகரும். பொள்ளாச்சியில் வந்திறங்கிய ஈக்குப் பெயர் கிடைத்ததே 2004-இல்தான். மத்திய அமெரிக்காவின் பெலீஸ் நாட்டு வெள்ளை ஈக்களை நுண்ணோக்கியில் பொறுமையுடன் ஆராய்ந்த ஒருவர் அதற்குப் பெயரிட்டார். அவர் நோக்கியிராவிடில் அந்த 650 எழுத்துக்களும் பெயரின்றியே கிடந்திருக்கும்.

ஆகையால் நம் மாணவர், நெமிலிச்சேரி விளக்கடியிலாயினும் ஏரிக்கரையிலாயினும் தாம் பிடிக்கும் பூச்சியின் ஒரு காலைச் சோதனைக்கு அனுப்பட்டும். எஞ்சிய உடலை ஊசியிற் குத்தி, ஊர், தேதி, பிடித்தவர் பெயர் எழுதிய சீட்டுடன் பெட்டியில் வைக்கட்டும். சீட்டில்லாத பூச்சி, பார்ப்பதற்கு அழகாயினும், சான்றாகாது. பெட்டியில் நாப்தலீன் உருண்டை இடவும் மறவாதிருப்பார்களாக. உலர்ந்த பூச்சியைத் தின்னும் பூச்சிகளும் இங்கே உள.