உயரத்தை அளந்து பார்த்தாங்களா?

என் அக்கா மகளுக்கு 19 வயது. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேரப் போனாள். மெடிக்கல் செக்கப்பில் மூக்கில் கிளிப் மாட்டி, ஒரு குழாயைக் கொடுத்து, 'ஊதும்மா' என்றார்களாம். 'உனக்கு நுரையீரல் 75 சதவீதம்தான் வேலை செய்யுது. டாக்டர்கிட்ட காட்டிட்டு வா' என்று திருப்பி அனுப்பி விட்டார்கள்.

வீடே ஆடிப் போய்விட்டது. டி.பி.யாக இருக்குமோ என்று அக்கா ஒரே அழுகை. 'வெளியே மூச்சு விடாதீங்க, நாளைக்கு இவளை யாரு கட்டுவா?' என்று அக்கா மாமியார் வேறு! இவளுடைய தம்பியோ, 'நான் ஊதினா மெஷினே தெறிச்சிடும்' என்று கிண்டல்.

நான்தான் திண்டுக்கல்லில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிப் போனேன். தம்பியும் துணைக்கு வந்தான். தாளைப் பார்த்த டாக்டர், இவளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார். 148 சென்டிமீட்டர். தாளில் இருந்ததோ 160! 'அங்கே யாரும் அளக்கல சித்தி, பார்த்துட்டு அவங்களே எழுதிக்கிட்டாங்க' என்கிறாள். சரியான உயரத்தைப் போட்டு மறுபடி ஊத வைத்தார். 90 சதவீதம். ஒரு குறையும் இல்லை.

அந்த சதவீதம் என்பதே, இந்த வயது, இந்த உயரம், ஆணா பெண்ணா என்று பார்த்து, இவ்வளவு காற்று ஊத வேண்டும் என்று போடும் கணக்காம். உயரம் கூடினால் நுரையீரலும் பெரிது. ஒரே உயரம், ஒரே வயது என்றாலும் ஆணுக்கு நெஞ்சுக்கூடு பெரிது. 170 சென்டிமீட்டர் தம்பி மூன்றரை லிட்டர் ஊதினான், இவள் இரண்டேகால். இரண்டுமே நார்மல்தான் என்றார் டாக்டர். தம்பி வாயை மூடிக்கொண்டான்! (தொப்பை போட்டாலும் மூச்சு முழுசாக இறங்காது என்று அவர் சொன்னபோது, நான் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டேன்.)

வெள்ளைக்காரர்களுக்குப் போட்ட கணக்கை வைத்துப் பார்த்தால் நம் ஊர்க்காரர்களுக்குக் குறைவாகத்தான் காட்டுமாம். அதனால் சென்னை காசநோய் ஆராய்ச்சி மைய டாக்டர்கள், நம் சென்னை இளவயது ஆண்களையும் பெண்களையும் ஊத வைத்து அளந்து, 1990-ல் லண்டன் மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். அளக்கிறதுக்கு வழி இல்லாமல் இல்லை. ஒரு டேப் எடுத்து உயரம் பார்க்கத்தான் இங்கே ஆளில்லை!

அதற்காக, 'பொம்பளைப் பிள்ளைக்குச் சின்ன நுரையீரல்தானே' என்று சும்மா இருப்பதும் தப்பு. பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு, வார லீவு முடிந்து திங்கட்கிழமை போனதும் நெஞ்சு இறுகுவது ஒரு வியாதிக்கே அடையாளமாம். நம் மாவட்டத்தில் எத்தனை பெண் பிள்ளைகள் மில்லுக்குப் போகிறார்கள்! வேலைக்குச் சேரும் முன்பே சரியாக ஊதி, அந்தத் தாளைக் கையில் வாங்கி வைக்க வேண்டும் என்பேன். அடுத்த வருடம் ஊதும்போது அவளுடைய பழைய அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அண்ணன் தம்பியோடு இல்லை. தாளில் வயது, உயரம், ஆண், பெண் சரியாக இருக்கிறதா என்று அம்மாக்களே ஒரு தரம் பார்த்து விடுங்கள்.

எங்கள் பெண் போன வாரம் வேலைக்குச் சேர்ந்து விட்டாள். அந்தத் தாளை அக்கா, ஆதார் கார்டு, மார்க் ஷீட்டோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறாள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.