எடை மட்டும் போதாது, இடுப்பையும் அளக்க வேண்டும்

கொழுப்புத் திசு சக்தியைச் சேமிக்கும் இடம் மட்டுமன்று. நோய் எதிர்ப்பு அணுக்கள் குடியிருக்கும் இடமும் அதுவே. மெலிந்த உடலில் ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் அங்கே அழற்சி எழாமல் பார்த்துக்கொள்கின்றன. உடல் பருத்தால் கொழுப்பணுக்கள் வீங்குகின்றன, சில மடிகின்றன. மடிந்தவற்றை அகற்ற மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கணுக்கள் திரள்கின்றன. அவை சுரக்கும் டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற பொருள்கள் இன்சுலினின் வேலையைத் தடுக்கின்றன. 1993இல் பருத்த எலிகளின் கொழுப்பில் டிஎன்எஃப் ஆல்ஃபா கண்டறியப்பட்டது. விழுங்கணுக்கள் அங்கே பெருகுவது 2003இல் உறுதியானது.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பில் இந்த அழற்சி கூடுதல். தெற்காசியரிடம் அது குறைந்த எடையிலேயே சேர்கிறது. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியரிடையே 31.4 விழுக்காடு. ஆகவே பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத் தமிழர்களுக்கு இது வீட்டுக் கவலை.

அழற்சியை மருந்தால் அடக்கினால் போதும் என்பாரும் உண்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட கனகினுமாப் என்ற அழற்சி எதிர்ப்பு மருந்து மாரடைப்பைக் குறைத்தது. புதிதாக நீரிழிவு வருவதைத் தடுக்கவில்லை. கொழுப்பு சேரும் காரணத்தைத்தான் முதலில் களைய வேண்டும்.

அந்தக் காரணங்களுள் இனிப்பும் ஒன்று. மலேசியாவில் 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென்னாகத் தொடங்கிய இனிப்புப் பான வரி 2025இல் 90 சென்னானது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் கடையில் கெட்டிப்பால் ஊற்றி ஆற்றித் தரும் தே தாரிக்கை அந்த வரி தொடுவதில்லை. கேட்டால் மட்டும் 'கூராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்றிருக்கும் வழக்கம் மாறி, குறைந்த இனிப்பே பொது வழக்கமாக வேண்டும். கோயில் அன்னதானத்திலும் திருமண விருந்திலும் இதையே கடைப்பிடிக்கலாம்.

அரசாங்கக் கிளினிக்குகள் இந்திய நோயாளிகள் அனைவருக்கும் இடுப்பளவு எடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதே ஆசியருக்கான எச்சரிக்கை எல்லை. அதைத் தாண்டியவருக்கு, எடை சரியாக இருந்தாலும், இரத்தச் சர்க்கரைப் பரிசோதனை உடனே நடக்க வேண்டும். பருமனைச் சோம்பலின் அடையாளமாகப் பழிப்பதும், தொந்தியைச் செழிப்பின் அடையாளமாகப் பாராட்டுவதும் நோயை மறைக்கவே உதவும். அளவு நாடாவுக்குப் பெரிய செலவில்லை. சுகாதார அமைச்சு இதைத் தள்ளிப்போடக் காரணமும் இல்லை.