ஒரு வருஷத்துப் பயிற்சியாளர்

தோற்றுப் போன கோஷ்டிக்கு நம்மவர்கள் கையில் இருக்கும் மருந்து ஒன்றே ஒன்றுதான்: கோச்சை மாற்று. தலைவலிக்கும் அதே மருந்து, கால் முறிவுக்கும் அதே மருந்து. விலையும் மலிவு. பதினைந்து ஆட்டக்காரர்களை மாற்றுவதென்றால் புதிதாகப் பதினைந்து பேர் வேண்டும். தேர்வாளர்களை மாற்றினால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். நிர்வாகிகளை மாற்றலாமா என்று கேட்டு விடாதீர்கள். அவர்களை மாற்ற வேண்டியவர்களும் அவர்களேதாம். மிச்சம் இருப்பவர் ஒருவர். வெள்ளைத் தொப்பியும் கையில் ஒரு நோட்டுப் புத்தகமுமாக எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாரே, அவர். அவருக்குப் பின்னால் கட்சியில்லை, ஓட்டில்லை. ஆகவே அவர் போகிறார். ஜூன் மாதத்திலோ ஜூலையிலோ இன்னொருவர் பெயர் பத்திரிகையில் வருகிறது. 'புது ரத்தம்' என்று நாமும் சந்தோஷப்படுகிறோம்.

தமிழ்நாட்டு ரஞ்சிக் கோஷ்டியைப் பற்றித்தான் சொல்லுகிறேன்.

ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டமே 1934 நவம்பரில் நம் சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னைக் கோஷ்டி மைசூரை ஒரே நாளில் கவிழ்த்தது. அப்படித் தொடங்கியவர்கள் இதுவரை அந்தக் கோப்பையைத் தொட்டது இரண்டே தடவை. 1954–55இல் இந்தூருக்குப் போய் ஹோல்கரை ஜெயித்தார்கள். 1987–88இல் சேப்பாக்கத்தில் ரயில்வேயை ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு இறுதி ஆட்டம் வரை போய்த் திரும்பிய கதைகள்தாம் மிச்சம். 2002–03, 2003–04 இரண்டிலும் மும்பையிடம், 2011–12இல் ராஜஸ்தானிடம், 2014–15இல் கர்நாடகத்திடம். கடைசியாகச் சொன்னதில் கருண் நாயர் என்ற ஒரே மனிதர் 328 ரன் எடுத்தார். நம்மவர்கள் இன்னிங்ஸ் தோல்வி வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

இந்த நீண்ட வறட்சிக்கு நிவாரணமாகச் செய்த காரியம் என்ன? 2019 முதல் 2025 வரை ஐந்து தலைமைப் பயிற்சியாளர்கள்! டி. வாசு, எம். வெங்கடரமணா, சுலக்ஷண் குல்கர்ணி, லட்சுமிபதி பாலாஜி, எம். செந்தில்நாதன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாசு பயிற்சியாளராக இருந்தபோது, 2021 ஜனவரியில், இருபது ஓவர் ஆட்டத்துக்கான சையத் முஷ்டாக் அலி கோப்பையை நம்மவர்கள் வாங்கினார்கள். அந்த வருஷத்திலேயே அவர் இடத்துக்கு வெங்கடரமணா வந்தார். நவம்பரில் அவரும் அதே கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் அவர் இடத்துக்கும் வேறொருவர். ஜெயித்தாலும் மாற்று, தோற்றாலும் மாற்று என்றால் ஜெயிப்பதற்கும் தோற்பதற்கும் சங்கத்துக்குத் தெரிந்த வித்தியாசம்தான் என்ன?

கடைசி மூன்று பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குல்கர்ணி மும்பைக்காரர். 2023–24 பருவத்துக்கு வந்தார். ஏழு வருஷமாக அரையிறுதியையே காணாத கோஷ்டி அந்த வருஷம் அரையிறுதிக்குப் போயிற்று. கோயம்புத்தூரில் நடந்த காலிறுதியில் சௌராஷ்டிரத்தை ஓர் இன்னிங்ஸும் 33 ரன்னும் வித்தியாசத்தில் நசுக்கியது. பிறகு 2024 மார்ச்சில் மும்பை பாந்திரா–குர்லா மைதானத்தில் அரையிறுதி. டாஸை நம் காப்டன் சாய் கிஷோர் ஜெயித்தார், பேட்டிங் எடுத்தார். காலை ஈரம் காயாத ஆடுகளம். 42 ரன்னுக்கு ஐந்து பேர் அவுட். மொத்தம் 146. எதிர்த் தரப்பிலும் 106க்கு ஏழு பேர் போனார்கள். அப்புறம் ஷர்துல் தாக்கூர் என்ற பந்து வீச்சாளர் வந்து சதம் அடித்தார். முடிவு: ஓர் இன்னிங்ஸும் 70 ரன்னும் வித்தியாசத்தில் நமக்குத் தோல்வி.

ஆட்டம் முடிந்ததும் குல்கர்ணி ஒரு பேட்டி கொடுத்தார். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே, அதாவது டாஸ் முடிந்த கணத்திலேயே, ஆட்டம் கைநழுவிவிட்டது என்ற பொருளில் பேசினார். அந்த மண்ணை அவர் அறிவார். சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும், ஒரு பருவம் முழுவதும் அற்புதமாகப் பந்து வீசிய காப்டனை ஊரார் முன்னால் காட்டிக்கொடுத்தது அழகல்ல. தினேஷ் கார்த்திக் பகிரங்கமாக அவரைக் கண்டித்தார், நியாயமான கண்டனம். ஒரு தகப்பன் தன் பையனைக் கடைவீதியில் வைத்துத் திட்டுவது போன்ற காரியம் அது. அதற்குக் கூப்பிட்டு வைத்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அடுத்த பருவத்தில் அவரே இல்லை.

அவருக்குப் பின் பாலாஜி. 2025 பிப்ரவரியில் நாகபுரியில் நடந்த காலிறுதியில் விதர்பாவிடம் 198 ரன் வித்தியாசத்தில் தோல்வி. அவருக்கும் ஒரு வருஷம்தான். அவருக்குப் பின் செந்தில்நாதன், எம்.ஆர்.எஃப். வேகப்பந்துப் பள்ளியில் வெகுகாலம் பிள்ளைகளைத் தயார் செய்த மனிதர். 2025 அக்டோபரில், அதே கோயம்புத்தூரில், ஜார்க்கண்டுக்கு எதிரே முதல் இன்னிங்ஸில் நம்மவர்கள் எடுத்தது 93. ஓர் இன்னிங்ஸும் 114 ரன்னும் வித்தியாசத்தில் தோல்வி. அந்தப் பருவத்தில் காலிறுதிக்கே தகுதி பெறவில்லை.

முதல் வருஷம் அரையிறுதி, அடுத்தது காலிறுதி, மூன்றாவது வருஷம் வெளி வாசல். மாற்ற மாற்ற இறங்கு முகம். இதைப் பார்த்த பிறகும் 'கோச்சை மாற்று' என்கிறவர்களை என்ன செய்வது?

ஒரகடத்துப் பக்கம் வந்து 'பயிற்சியாளர்' என்று சொல்லிப் பாருங்கள்; யாருக்கும் கிரிக்கெட் ஞாபகம் வராது. சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில் காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். அவற்றில் தலை சாய்த்துத் தூங்குகிற பையன்களில் அநேகர் பயிற்சியாளர்கள். அதாவது டிரெய்னிகள். இங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கற்றுக்கொடுப்பவன் அல்ல, கற்றுக்கொள்கிறவன். ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ முடித்து விட்டுத் தர்மபுரியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வருகிறான். நிரந்தரத் தொழிலாளி செய்கிற வேலையையே செய்கிறான். அவன் வாங்குவதற்குச் சம்பளம் என்று பெயரில்லை, உதவித்தொகை என்று பெயர். வருஷம் ஒன்றோ இரண்டோ ஆனதும் கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டு, அவன் நின்ற இடத்தில் இன்னொரு பயிற்சியாளனை நிறுத்துகிறார்கள். நம் ரஞ்சிக் கோஷ்டியின் பயிற்சியாளரும் இந்த ஜாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிரிக்கெட் சங்கம் ஒரகடத்து அகராதியைப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறதோ என்னவோ!

ஆனால் ஒரகடத்திடம் கற்றுக்கொள்ள வேண்டிய நல்ல பாடமும் ஒன்று இருக்கிறது. கார் பூசி முடித்து வெளியே வரும்போது வர்ணத்தில் ஒரு கொப்புளம் தெரிந்தால், கடைசியில் நின்று வண்டியைச் சோதிக்கிறவனை யாரும் சீட்டுக் கிழிப்பதில்லை. 'ஏன்' என்று கேட்டுக்கொண்டே பின்னோக்கிப் போகிறார்கள். ஐந்து தடவை 'ஏன்' கேள் என்பது ஜப்பானில் டொயோட்டா கம்பெனி தன் ஆட்களுக்குப் பழக்கிய முறை. இன்று உலகத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் அதைக் கடன் வாங்கியிருக்கின்றன. நாமும் கேட்டுப் பார்க்கலாமே.

மும்பையில் ஏன் தோற்றோம்? 146 ரன்னில் சுருண்டதால். ஏன் சுருண்டோம்? பந்து எகிறுகிற ஆடுகளத்தில் வேகப்பந்தைச் சமாளிக்க முடியாததால். ஏன் முடியவில்லை? சொந்த ஊரில் நம்மவர்கள் ஜெயித்த களம் வேறு மாதிரியானது என்பதால். அந்தப் பருவத்தில் இந்தியா முழுவதிலும் அதிக விக்கெட் எடுத்தவர் நம் சாய் கிஷோர், 53 விக்கெட். கூடவே அஜித் ராம் 41. இரண்டு பேரும் இடது கைச் சுழல் பந்துக்காரர்கள். கோயம்புத்தூரில் அமிர்தமாக இருந்த வித்தை பாந்திராவில் பலிக்கவில்லை. அப்படியானால் உள்ளூரில் ஏன் ஒரே மாதிரியான ஆடுகளம்? உடனடியாகப் புள்ளிகள் கிடைக்கின்றன, அதனால். அந்தப் புள்ளிகளே போதும் என்று தீர்மானித்தது யார்?

ஐந்தாவது 'ஏன்' எந்த அறையின் கதவில் போய் முட்டுகிறது பார்த்தீர்களா! பயிற்சியாளரை நியமிக்கிறார்களே, அந்த அறைதான். ஆகவேதான் ஐந்தாவது கேள்வியைக் கேட்பதில்லை. முதல் கேள்வியிலேயே நின்று ஆளை மாற்றி விடுகிறார்கள்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று தயாராக இருக்கிறது. 'சந்திரகாந்த் பண்டிட்டைப் பாரும்' என்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். அவர் போன பிறகு, கோப்பையே அறியாத விதர்பா 2017–18, 2018–19 என்று அடுத்தடுத்து இரண்டு வருஷம் ரஞ்சிக் கோப்பையை வாங்கியது. பின்பு மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். 2021–22இல் அதுவும் மும்பையையே தோற்கடித்துக் கோப்பை வாங்கியது. ஒரு தனி மனிதன் ஒரு கோஷ்டியைத் தூக்கி நிறுத்தலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்தது என்ன? மத்தியப் பிரதேசம் அவரை 2020இல் நியமித்தது. கொள்ளை நோயினால் 2020–21இல் ரஞ்சிப் போட்டியே நடக்கவில்லை. காத்திருந்தார்கள். யாரை ஆட்டுவது, எத்தனை மணிக்கு எழுப்புவது என்பதிலெல்லாம் அவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுத்தார்கள். அதிகாரத்தையும் அவகாசத்தையும் கொடுக்காமல் பண்டிட்டையே கொண்டுவந்து வைத்தாலும் அவரும் இங்கே ஒரு வருஷத்துப் பயிற்சியாளர்தான்.

2011–12 இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கத்திலேயே நம்மைத் தோற்கடித்த ராஜஸ்தானின் காப்டன் ஹிருஷிகேஷ் கனிட்கர். சில வருஷம் கழித்து அவரையே கூப்பிட்டுத் தமிழ்நாட்டுக்குப் பயிற்சியாளராக வைத்தோம். அதே ஆட்டத்தில் நம் பக்கம் பந்து வீசியவர் பாலாஜி. பின்னால் அவரும் பயிற்சியாளர் ஆனார். ஜெயித்தவரையும் வைத்துப் பார்த்தாயிற்று, தோற்றவரையும் வைத்துப் பார்த்தாயிற்று. ரஞ்சிக் கோப்பை இரண்டு பேர் காலத்திலும் வரவில்லை. இன்னும் ஆளையா குற்றம் சொல்லுவது?

இந்த வியாதி நமக்கு மட்டும் உரியதல்ல. இந்தச் சாலையில் கொரியாக்காரர்களும் ஜப்பானியர்களும் ஏராளம். அவர்கள் ஊரில் கிரிக்கெட்டுக்குப் பதில் பேஸ்பால். அந்த ஆட்டத்தின் தாய்நாடான அமெரிக்காவில் நியூயார்க் யாங்கீஸ் என்றொரு கோஷ்டி; அதன் முதலாளி ஜார்ஜ் ஸ்டெயின்பிரென்னர். 1973இல் வாங்கினார். கோச்சை மாற்றுவதில் நம் சங்கத்துக்கெல்லாம் பாட்டனார். பில்லி மார்ட்டின் என்ற ஒரே ஆளை ஐந்து தடவை நியமித்து ஐந்து தடவையும் போகச் சொன்னார்! 1978க்குப் பிறகு 1995 வரை அந்தக் கோஷ்டிக்கு உலகக் கோப்பை கிடையாது. 1990இல் நடத்தைக் குற்றத்துக்காக முதலாளிக்கே தடை விழுந்தது. 1993 வரை கிட்டே வரக்கூடாது. அந்த இடைவெளியில் இளம் ஆட்டக்காரர்கள் சிலர் தொந்தரவில்லாமல் வளர்ந்தார்கள். பின்பு 1996இல் வந்த ஜோ டோரே பன்னிரண்டு வருஷம் இருந்தார். அவர் காலத்தில் நான்கு உலகக் கோப்பை. கோச்சை மாற்றியதைவிட முதலாளியை மூன்று வருஷம் வாசலுக்கு வெளியே நிறுத்தியதுதான் அங்கே பலன் தந்தது என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்கா எதற்கு? சேப்பாக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அங்கே ஆடுகிற சென்னை சூப்பர் கிங்ஸ் கோஷ்டிக்கு ஸ்டீபன் ஃபிளெமிங் 2009இல் பயிற்சியாளர் ஆனார். இடையே கோஷ்டிக்கே இரண்டு வருஷம் தடை இருந்தது. திரும்பி வந்தபோது அவரும் திரும்பி வந்தார். ஐந்து கோப்பைகள். 2025இல் அந்தக் கோஷ்டி கடைசி இடத்துக்குப் போயிற்று. அப்போதும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஆட்டக்காரர்களைத்தான் மாற்றினார்கள். 'அது பணக்காரக் கோஷ்டி' என்பார்கள். பொறுமைக்குப் பணம் எதற்கு ஐயா? வருஷத்துக்கு ஓர் ஆளைத் தேடி, பேசி, நியமித்து, அனுப்புவதுதான் செலவு.

பயிற்சி என்பது என்ன என்பதையே நாம் மறந்துவிட்டோம். சேலத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்து வீசி வந்த நடராஜன் 2015 ஜனவரியில் ரஞ்சியில் முதல் ஆட்டம் ஆடினார். பந்து வீசும்போது கை மடங்குகிறது என்று புகார் வந்தது. அங்கேயே முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை. சுனில் சுப்பிரமணியம் போன்றவர்கள் அந்தக் கையை மறுபடி பழக்கினார்கள். அதற்கு மாதக் கணக்கில் ஆயிற்று. அந்த மாதங்களில் பத்திரிகையில் போட ஒரு செய்தியும் இல்லை. கோப்பை இல்லை, புகைப்படம் இல்லை. 2021 ஜனவரியில் அந்தக் கை பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட்டத்தில் பந்து வீசியது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரகடத்தைச் சுற்றி, மனை போட்டு விற்காமல் கிடக்கிற பொட்டல்களில் டிரெய்னிப் பையன்கள் அதே டென்னிஸ் பந்தைத்தான் வீசுகிறார்கள். அவர்களில் ஒருவனுக்குக் கை கோணலாக இருந்தால் அதை நிமிர்த்த எத்தனை மாதம் ஆகும்? பத்து மாதத்தில் தன் தலை போய்விடும் என்று தெரிந்த கோச் அந்த வேலையில் இறங்குவாரா, இன்றைக்கு ஜெயிக்கத் தயாராக இருக்கிற ஆளைத் தேடிப் போவாரா? பதிலை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

சங்கத்தாரிடம் நான் கேட்பது பெரிய வரமல்ல. யாரை வேண்டுமானாலும் நியமியுங்கள். மூன்று வருஷத்துக்கு நியமியுங்கள். நடுவில் அனுப்புவதானால் காரணத்தை எழுத்தில் போட்டு வெளியிடுங்கள். கோயம்புத்தூரிலும் திண்டுக்கல்லிலும் சேலத்திலும் இருக்கிற ஆடுகளங்களில் ஒன்றையாவது வேகப்பந்து எகிறும்படி மாற்றுங்கள். அந்த விஷயத்தில் பயிற்சியாளரின் பேச்சுக்கு ஓர் ஓட்டாவது கொடுங்கள். பருவம் தொடங்குகிற அக்டோபரில் கோச்சின் பெயரைப் பத்திரிகைக்குக் கொடுக்கும்போது, தேர்வாளர்கள் யார், ஆடுகளத்தைத் தீர்மானித்தவர் யார் என்ற பெயர்களையும் அதே காகிதத்தில், அதே அளவு எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். மார்ச்சில் அந்தக் காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு பேசுவோம்.